அங்கே கல்

சரசாள் கொடுத்த முருங்கைப் போத்து
மூன்று நாளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது.
இன்றைக்கு எனக்குக் கம்பெனி லீவு.
மோட்டாரைப் போட்டுவிட்டு
மம்முட்டியை எடுத்தேன்.

குன்னத்தூர் மண் லேசில் விடாது.
மேலே ஒரு சாண் செம்மண்,
அப்புறம் சுக்காங்கல்.
ஒவ்வொரு கொத்துக்கும் தோள்பட்டை வரை பதில் வரும்.
எத்தனையாவது கொத்தென்று தெரியவில்லை,
பதில் வரவில்லை.
மெத்தென்று வாங்கிக்கொண்டது மண்,
ஆட்டுத் தொடையில் கத்தி இறங்குகிற மாதிரி.
உடனே நீலமாக ஒரு தும்மல்.
மேல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்
பேச்சைப் பாதியில் நிறுத்தியது.

மரக்கைப்பிடி. அதனால்தான்
சொல்வதற்கு நான் இருக்கிறேன்.

ஆனால் உயிரை நினைக்கவில்லை அப்போது.
இவர் ஆறரைக்கு வருவார் என்று நினைத்தேன்.
எலி கடித்துவிட்டதென்று சொல்லலாம்.
முழங்கால் ஆழத்தில் எலிக்கு என்ன வேலை என்பார்.
தானாக அறுந்ததென்று சொல்லலாம்.
மம்முட்டி வாயில் கருகிய பல்தடம்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராக்கியப்பன் மொபெட்டில் வந்தான்.
மெயினை இறக்கினான். குந்தவைத்து உட்கார்ந்து
மண்ணைக் கையாலேயே விலக்கினான்,
அறுந்த முனைகளுக்கு இழுக்க நீளம் வேண்டுமாம்.
விலக்கிக்கொண்டே போனவன்
ஒரு முழத்தில் நின்றான்.

"ஏனுங்கக்கா, இங்க ஏற்கனவே ஒரு ஜாயிண்ட் இருக்குதுங்க."

பச்சை பனியன் வேஸ்ட்டைச் சுற்றி
அதன்மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றி
அதன்மேல் சர்க்கரைக் கவரைச் சுற்றி
சணலால் நாலு கட்டு.
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கம்பளி போர்த்தினதுபோல்.

"லைன்காரன் பண்ணுன வேலையில்லீங்க இது.
ஆனா முறுக்குன முறுக்கு இன்னும் நிக்குது பாருங்க."

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
ஐந்து வருசத்துக்கு முன்னால்
இவர் கம்பெனியில் ஓடிய ஆர்டர்.
அந்த வெட்டுத்துணியில்தான்
அந்த வருசம் முழுக்க அடுப்பு துடைத்தேன்.

பொங்கல் சாட்டிய வாரம் அது.
வீடு நிறைய விருந்தாளிகள்,
இரண்டு நாள் சொட்டுத் தண்ணீரில்லை.
ஈ.பி. ஆபீசை இவர் வைத வசவு
நாலு வீட்டுக்குக் கேட்டது.
சரசாள் வீட்டிலிருந்து பதினெட்டுக் குடம் சுமந்தேன்.
எண்ணியிருக்கிறேன்.
ராத்திரி டார்ச்சோடு வாசலில் நின்றவரிடம்
என்னவென்று கேட்டதற்கு
பாம்பு மாதிரித் தெரிந்தது, நீ உள்ளே போ என்றார்.

பாம்புதான்.
கறுப்புத் தோல். உள்ளே
சிவப்பு, மஞ்சள், நீலம்.

அதே வாரம்தான் துணிக்கொடிக்குக் கம்பம் நட்டார்.
எதிர்க் கம்பத்துக்கு நேராக நடாமல்
ஒரு பாகம் தள்ளி.
கேட்டதற்கு, அங்கே கல் என்றார்.
அன்றிலிருந்து கொடி கோணல்.
என் சேலைத் தலைப்பு மட்டும் தரையில் புரளும்,
ஐந்து வருசமாக
இரண்டு தடவை அலசுகிறேன்.

"அண்ணனுக்குப் போன் பண்ணட்டுங்களா?"
"வேண்டாம். நீ மூடு."
அந்தப் பழைய கட்டைப் பிரிக்காதே என்றும் சொன்னேன்.
ஏன் சொன்னேனென்று தெரியவில்லை.
சிலிண்டருக்கு வைத்திருந்ததில் நானூறு எடுத்துக் கொடுத்தேன்.
புதுக் கட்டின்மேல் செங்கல் அடுக்கி
மண்ணை மிதித்து
நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டேன்.

போத்தை
குப்பைமேட்டோரம் நட்டேன்,
தலையில் சாணி உருண்டை வைத்து.

ஆறரைக்கு வந்தார்.
வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
"முருங்கையை ஏன் அத்தனை தூரம் கொண்டுபோய் நட்டிருக்கற?
இங்கயே வெச்சிருக்கலாமுல்ல?"

அங்கே கல் என்றேன்.

கையிலிருந்த சாவியை ஒருதரம் சுழற்றினார்.
கம்பத்தைப் பார்த்தார்.
ஈரம் முழுக்கக் காயாத மண்ணைப் பார்த்தார்.

"ஆமா, அங்க கல்லுதான்" என்றார்.

கோணல் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு
குளிக்கப் போனார்.
தண்ணீர் வந்துகொண்டிருந்தது.
முதல் ரெண்டு சொம்பு மட்டும்
கொஞ்சம் கலங்கலாக இருந்திருக்கும்.
அதைப்பற்றி
அவர் ஒன்றும் கேட்கவில்லை.